ஒன்பது தாய் எலிகள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அனிமல் ஹவுஸில் சோதனைக்கு வளர்க்கிற எலிகளைப் பாதிக்கு மேல் குறைக்கப்போகிறார்கள் என்று சொன்னாள். இப்போது மனித உயிரணுக்களை வைத்தே கண்ணாடித் தட்டில் துடிக்கிற இதயத் தசையை வளர்க்கிறார்களாம். எந்த ஹார்மோன் என்ன செய்கிறது என்று அதிலேயே பார்த்துவிடலாமாம்.

"அக்கா, நம்ம பழைய எலி வகையெல்லாம் மூடப்போறாங்க. ஒம்போது தாய் எலி செத்தது பத்தி அடிக்கடி சொல்லுவீங்களே, அத எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்க யாருக்கும் தெரியல" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நித்யாவுக்கு நான் சொல்லியிருந்தது பாதிதான். மறு பாதியை அந்த நிலையத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் இப்போது இல்லை. முதல் பாதியை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நான் மல்லிகா. நெல்லிவாசல்நாடு என்கிற மலைப் பகுதியில் ஒரு சின்னக் குக்கிராமத்துக்காரி. எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் எடுத்துத் தேறிய முதல் பெண் நான்தான். அடிவாரத்து நகரத்தில் இருக்கும் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் எலிக் கூண்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடம் கழுவினேன், சில வருடம் தீனி போட்டேன். அப்புறம் எலியைப் பிடிக்க, எடை பார்க்க, காதில் அடையாளத் துளை போட, ஊசி குத்த, கடைசியில் இதய ஸ்கேன் எடுக்க என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன் காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். என் அக்கா மகள் கவிதாவை ஐந்து வயதில் மலையிலிருந்து அழைத்துவந்து நான்தான் வளர்த்தேன்.

என் மேலதிகாரி ஐசக் சார். இதயமும் ஹார்மோனும்தான் அவர் துறை. ஒல்லியான மனிதர். கூண்டு கழுவுகிறவர்கள் உட்பட எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் போகவே எல்லோருக்கும் பயம். என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது பார்த்ததா, நினைச்சதா?"

எங்கள் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. "எலி சோர்வாக உள்ளது" என்று இடது பக்கம் எழுதினால் அடித்துவிடுவார். "சோர்வு நீங்க நினைச்சது. அது எங்க இருந்துச்சு, எப்படி இருந்துச்சு, முடி படிஞ்சிருந்துச்சா, எழும்பி இருந்துச்சா, அத எழுதுங்க" என்பார். முதல் வருடத்தில் பல நாள் கழிப்பறைக்குப் போய் அழுதிருக்கிறேன்.

அந்த எலிகள் வெளிநாட்டிலிருந்து உறைந்த கருக்களாக வந்தன. எங்கள் தாய் எலிகளின் வயிற்றில் வைத்துப் பிறக்க வைத்தோம். அவற்றில் பாதிக்கு இதயத் தசையில் மட்டும் ஒரு மரபணு வேலை செய்யாதபடி நீக்கியிருந்தார்கள். மற்ற பாதி இயல்பானவை. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வால் நுனியில் துளி வெட்டி வேறொரு அறைக்கு அனுப்புவேன். அங்கே சோதித்து எது எந்த வகை என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி சார் மேஜையில் பூட்டிவிடுவார்கள். எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

"தெரிஞ்சா நீங்க அதுக்குத் தகுந்த மாதிரி பார்ப்பீங்க. தெரியாம பாருங்க" என்றார் சார். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் உடம்பில் பெருகுகிற ஹார்மோன்கள் இதயத்தை என்ன செய்கின்றன என்று பார்க்கப்போகிறோம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு கூண்டில் ஒரு பெண், ஒரு ஆண். காலையில் பெண்ணின் பின்புறத்தைப் பார்த்தால் இணை சேர்ந்ததற்கு அடையாளமாகச் சின்ன வெள்ளை அடைப்பு தெரியும். அன்றிலிருந்து நாள் எண்ணுவேன். பத்தொன்பது, இருபது நாளில் குட்டி போடும். முதல் இரண்டு நாள் கூட்டில் கை வைக்கக் கூடாது. அதன் பிறகும் கையுறையை அந்தக் கூண்டின் உமியிலேயே நன்றாகத் தேய்த்துக்கொண்டுதான் தொட வேண்டும். வேறு வாசனை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும்.

முதல் சாவு குட்டி போட்ட பன்னிரண்டாம் நாள் நடந்தது. காலையில் விளக்கைப் போட்டுக் கூண்டை இழுத்தேன். தாய் பக்கவாட்டில் கிடந்தது. குட்டிகள் ஏழும் காம்பை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தன. பால் கொடுக்கிறது என்று நினைத்துக் கூண்டைத் திரும்பத் தள்ளப் போனேன். தாயின் கண் பாதி திறந்திருந்தது. தொட்டால் விறைத்திருந்தது. குட்டிகள் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தன.

எத்தனையோ எலி செத்துப் பார்த்திருக்கிறேன். அன்று கூண்டின் மூடி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அடுத்த வாரம் இரண்டு. அதற்கு அடுத்த வாரம் ஒன்று. அந்த மாதம்தான் உமி கிடைக்காமல் மக்காச்சோளச் சக்கைத் தூளைக் கூண்டில் போட ஆரம்பித்திருந்தேன். அதில் பூஞ்சை இருந்திருக்கும், நான் சரியாகச் சலிக்கவில்லை, தாய்களை நான்தான் கொல்கிறேன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. சார் அறைக்குப் போய் நின்றேன்.

"சார், நான்தான் கொன்னுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பார்த்ததா, நினைச்சதா?"

"நினைச்சது சார்."

"அதே தூள் எல்லாக் கூண்டுலயும் இருக்கா?"

"இருக்கு சார்."

"எல்லாத் தாயும் செத்துச்சா?"

"இல்ல சார்."

"அப்போ எதையும் மாத்தாதீங்க. பாருங்க."

பார்த்தேன். செத்தவற்றைத் திறந்து பார்ப்பதும் என் வேலைதான். இதயத்தை வெட்டியெடுத்து, ரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி, தராசில் வைக்க வேண்டும். காலின் எலும்பு நீளத்தையும் அளக்க வேண்டும். உடம்பு எடை ஏறி இறங்கும், எலும்பு மாறாது, அதனால் இதயத்தை எலும்போடுதான் ஒப்பிட வேண்டும். நல்ல எலியின் இதயம் பச்சைப் பட்டாணி போல உருண்டு நிற்கும். இவற்றின் இதயம் தாளில் வைத்ததும் படுத்துக்கொண்டது. சுவர் மெலிந்து, நீர் வடிந்த பை போல. நுரையீரலை அழுத்தினால் நுரை வந்தது.

ஐந்தாவது தாயைச் சாவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். மற்ற தாய்கள் குட்டிகள் மேல் விரிந்து படுத்திருக்கும். இது மூலையில் குந்தியிருந்தது. முதுகு கூனி, முடி எழும்பி, விலா இரண்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. தூக்கம் வந்து தலை சாயும். சாய்ந்ததும் திணறி எழும். மறுபடி உட்காரும். கடைசியில் தீனித் தட்டின் கம்பி மேல் முகவாயை ஏற்றி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடியது.

அப்போதுதான் எனக்கு என் அக்கா பூங்காவனத்தின் முகம் தெரிந்தது.

பூங்காவனம் என்னைவிட நான்கு வயது மூத்தவள். கவிதா பிறந்த மூன்றாம் வாரம் இறந்துபோனாள். கடைசி ஒரு வாரம் அவள் படுக்கவில்லை. சாமை மூட்டை மேல் முகவாயை வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இருமினால் நுரை வரும். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி காளியம்மா கை கழுவாமல் பார்த்ததால் உடம்பில் விஷம் ஏறிச் செத்தாள் என்பதுதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. காளியம்மாவை அதன் பிறகு யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணையும் கொடுக்கவில்லை. சீக்கிரமே அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் அதை நம்பியிருந்தேன். அந்தக் கூண்டின் முன்னால் நின்றபோதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

ஒன்பது தாய்கள் செத்த பிறகு சார் உறையைப் பிரித்தார். நான் கூண்டு எண்ணைப் படித்தேன், அவர் வகையைப் படித்தார். ஒன்பதும் மரபணு நீக்கியவை. இயல்பான தாய்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. மரபணு நீக்கியவற்றிலும் குட்டி போடாத பெண்களும் ஆண்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

சார் தாளில் படம் போட்டு விளக்கினார். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஒன்று இருக்கிறது. குட்டி போட்டதும் அது பெருகும். அந்த மரபணுவின் காவல் இல்லாத இதயத்தில் அது துண்டாக வெட்டுப்பட்டு, அந்தத் துண்டு இதயத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அழித்துவிடுகிறது. பிறகு நாங்கள் பால் சுரப்பை நிறுத்துகிற மருந்து கொடுத்துப் பார்த்தோம். குட்டிகளை வேறு தாய்களிடம் விட்டோம். மருந்து கொடுத்த தாய்களில் பெரும்பாலானவை பிழைத்தன. அது பிற்பாடு. அன்று நான் கேட்டது ஒன்றுதான்.

"சார், இது மனுசிக்கு வருமா?"

"வரும். அபூர்வமா. கடைசி மாசத்துல, இல்லன்னா பிரசவம் ஆகிச் சில மாசத்துக்குள்ள. பிள்ளை பெத்த களைப்புன்னு விட்டுடுவாங்க. ஏன்?"

சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஜுரம் இருந்துச்சா?" என்றார்.

"இல்ல சார். உடம்பு சில்லுனு இருந்துச்சு."

"விஷம் ஏறுனா ஜுரம் கொளுத்தும். விஷம்னு யார் சொன்னாங்க?"

"எல்லாரும் சொன்னாங்க சார்."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "லீவு வேணும்னா எழுதிக் குடுங்க" என்றார்.

காளியம்மா தன் மகனோடு நெல்லிவாசல்நாட்டின் மறுகோடியில் ஒரு குக்கிராமத்தில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தாலுக்கா ஆபீசா?" என்றாள்.

"நான் மல்லிகா, அத்தே. பூங்காவனம் தங்கச்சி."

புளி தட்டுகிற கல் நின்றது. உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். எலிகளைப் பற்றியும், இதயத்தைப் பற்றியும், பால் சுரக்கிற ஹார்மோனைப் பற்றியும் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். அக்கா அவளால் சாகவில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எலியா?"

"ஆமா அத்தே."

"எலி செத்து வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா? நான் அன்னிக்கே சொன்னனே. வெந்நி வெச்சி கை கழுவனேன், பிளேடு புதுசு, நூலக்கூடக் கொதிக்க வெச்சேன்னு ஒங்கம்மா காலப் புடிச்சினு சொன்னனே. யாரு கேட்டீங்க?"

"எல்லாரும் அப்டிச் சொன்னாங்க அத்தே. நானும் சின்னப் பொண்ணு..."

"எல்லாரும் சொல்லல." அவள் குரல் ஏறவில்லை. "மொதல்ல சொன்னது நீ."

எனக்குப் புரியவில்லை.

"நீதாம்மா. பொணத்த எறக்கி வெச்சிருக்குது, பொம்பளைங்க எல்லாம் குந்தினு கீறாங்க. நீ பொஸ்தவத்த எடுத்துனு வந்து காட்டுன. கை கழுவாம புள்ள எடுத்தா கிருமி பூந்து விசம் ஏறிடும், படம் போட்டுருக்குது பாருங்கன்னு. அதுவரிக்கும் ஒருத்தரும் என்ன ஒரு வார்த்த சொல்லல. படிச்ச பொண்ணு சொல்றா, பொய்யா சொல்வான்னு அப்பறம் எல்லாரும் சொன்னாங்க."

நான் மறந்தே போயிருந்தேன். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கண்ணில் தெரிந்தது. பாதி கிழிந்த அட்டை, ஒரு கை, அதன் மேல் புள்ளி புள்ளியாகக் கிருமிகள். நான் தங்கிப் படித்த விடுதியிலிருந்து கொண்டுவந்த புத்தகம். பிரசவத்தின்போது நான் ஊரிலேயே இல்லை, அதன் பிறகுதான் லீவில் வந்தேன். அவள் கை கழுவினாளா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை. காளியம்மாவின் வாய் அசைவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்தது.

"...ஒங்கம்மாவோட தங்கச்சி ராணி. அவளும் இப்டித்தான். மொதக் கொழந்த பொறந்து ஒரு மாசம். காலு வீங்கி, மூச்சு வாங்கி, ஒக்காந்துனே செத்தா. ஒங்க அக்காளுக்குக் காலு வீங்குனப்பவே நான் ஒங்கம்மாகிட்ட சொன்னேன். இது ஒங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு வர்ற நோவு, ஒடனே கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கன்னு. சொன்னனா இல்லியான்னு போய்க் கேளு."

சின்னம்மா ராணி அம்மை போட்டு இறந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து நேராக எங்கள் ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா. வாய வெச்சா வெளங்காதுன்னு நான்தான் அவளத் தொரத்துனேன்" என்றாள்.

சின்னம்மா, அக்கா. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். அப்போது கவிதா ஏழு மாதக் கர்ப்பிணி.

கவிதாவை ஜமுனாமரத்தூரில் கொடுத்திருந்தேன். அவள் புருஷன் ஏழுமலை மலைக்கிராமங்களுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். நல்ல பையன், கோபம் மட்டும் முன்னால் வரும். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா அத்தை பேசறீங்க? எலி செத்துதுன்னா எம் பொண்டாட்டியும் சாவணுமா? அவ இன்னா ஒங்க கூண்டுல கீற எலியா?"

"சாவறான்னு சொல்லல ஏழுமல. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்னு சொல்றேன்."

"மாசாமாசம் நர்சம்மா வந்து பாக்கறாங்க. எல்லாம் நல்லா கீதுன்றாங்க. வவுத்துப் புள்ளக்காரியாண்ட வந்து சாவப் பத்திப் பேசறீங்களே, நல்லாவா கீது?"

கவிதா அவன் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவைக் காளியம்மா கொன்றுவிட்டாள் என்று கேட்டே வளர்ந்த பெண்.

"சின்னம்மா, அப்ப எங்கம்மாவ அவங்க ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லம்மா."

"பண்ணாங்கன்னு யாரு சொன்னது?"

"நான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் வேறு புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்து ஏழுமலையிடம், "வண்டிய எடு, போலாம்" என்றாள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் நன்றாக இருந்தது. ஏழுமலை சிரித்தான். எனக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. சாருக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்னிக்கு நல்லா இருக்குன்னுதான் பார்த்திருக்கீங்க. நாளைக்கும் இருக்கும்ன்றது நினைச்சது. பிரசவம் ஆனதும் மறுபடி எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, டாக்டர்கிட்ட எலிக்குக் கொடுக்கிற மருந்து பத்தி நீங்களா பேசக் கூடாது. நாம எலி பார்க்கிறவங்க. குடும்பத்துல ரெண்டு பேர் எப்படி இறந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதே ஆஸ்பத்திரியில் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். பதினோராம் நாள் நான் போனபோது குளித்துத் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் களைப்பு என்றாள். தலைக்கு ஒரு தலையணை போதவில்லை, இரண்டு வைத்துக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து மெட்டி போட்ட விரல் வரை மினுமினுவென்று வீக்கம். ஏழுமலையும் பார்த்தான். இந்தத் தடவை அவனே ஜீப் சாவியை எடுத்தான். மலைப்பாதையில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தபடியே ஓட்டினான். "ரோட்டப் பாரு" என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்கேன் அறையில் துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்றார்கள். நான் நின்றேன். எலிக்கு ஸ்கேன் எடுப்பதென்றால் மார்பு முடியைக் களிம்பு போட்டு எடுத்து, மயக்க வாயு கொடுத்து, வெதுவெதுப்பான தட்டில் படுக்க வைத்து, நிமிடத்துக்கு ஐந்நூறு தடவை துடிக்கிற ஒரு பட்டாணியைத் திரையில் பிடிக்க வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். மனித இதயம் எனக்குப் பெரியதாக, மெதுவாகத் தெரிந்தது. ஆனால் பார்த்ததும் புரிந்துவிட்டது. இதயத்தின் அறை அகன்றிருந்தது. சுவர் உள்ளே வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, ஓரத்தில் லேசாக நடுங்கியதோடு சரி. ஸ்கேன் எடுக்கிற பெண் இன்னும் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கவிதா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இதய டாக்டர் ஒரு நடுவயது அம்மா. நீர் பிரிய, இதயத்துச் சுமையைக் குறைக்க என்று மருந்துகள் எழுதினார். கடைசியில், "தாய்ப்பால் நிறுத்தணும். அதுக்கும் ஒரு மாத்திரை தர்றேன்" என்றார். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தேன். எங்கள் எலிகளுக்கு நான் என் கையால் கலந்து கொடுத்த அதே மருந்து. சார் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. சீட்டை மடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

ஏழுமலையின் அம்மாதான் ஏற்கவில்லை. "பெத்த கொழந்தைக்குப் பால் குடுக்காத தாய் எங்கனா உண்டா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று வராந்தாவில் அழுதார். ஏழுமலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "யம்மா, பால் கடையில கெடைக்கும். அவ கெடைக்க மாட்டா" என்றான்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது டாக்டர் கேட்டார்: "ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்க. பெரும்பாலும் மூச்சு நிக்கற நிலைமையிலதான் தூக்கிட்டு வருவாங்க. யாரு ஸ்கேன் எடுக்கச் சொன்னது?"

கவிதா என்னைக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்க மலையில ஒரு மருத்துவச்சி கீறாங்க மேடம். காளியம்மான்னு. அவங்கதான் சொன்னாங்க" என்றாள்.

கவிதாவின் இதயம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய இயல்புக்கு வந்தது. இன்னொரு குழந்தை கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கொண்டாள். இப்போது அவளுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள்.

கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் மறுபடி காளியம்மாவிடம் போனேன். பிழைத்துவிட்டாள் என்று சொன்னேன்.

"கொழந்த இன்னா எட?" என்று கேட்டாள்.

"ரெண்டே முக்கா கிலோ அத்தே."

"நல்ல எடதான்." நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சாகும்வரை சொல்லவில்லை. அதை இங்கே மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாளே எங்கள் ஊருக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். பூங்காவனத்தைக் காளியம்மா கொல்லவில்லை, அவள் எல்லாவற்றையும் சுத்தமாகத்தான் செய்தாள், நான் பார்க்காததைப் பார்த்தது போலச் சொன்னேன், அவள் ஊரை விட்டுப் போனது என்னால்தான் என்று. எலி என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னம்மா ராணியையும் கவிதாவையும் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. கால் வீக்கம், நுரை இருமல், மூட்டை மேல் முகவாயை வைத்துக்கொண்டு தூங்கியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்தவ செத்துட்டா, போனவ போய்ட்டா. இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்கு மல்லிகா கெளர்ற?" என்றார் என் பெரியப்பா மருமகள். சிலர் சாப்பிட ஆரம்பித்தார்கள். காளியம்மாவைப் போய்ப் பார்க்கிறேன் என்று ஒருத்தி கூடச் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வி மட்டும் சோற்றில் கை வைக்காமல் இருந்தாள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுந்து என் பின்னாலேயே வந்தாள்.

"மல்லிகா, இரு. ஒங்க அக்கா ஒக்காந்துனேவா தூங்குனா?"

"ஆமா செல்வி."

"படுத்தா இருமுவாளா?"

"ஆமா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் மவ தேவியும் அப்டித்தான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பழைய சாவு ஒன்றைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். "எந்த வருசம்?" என்று கேட்டேன்.

"வருசமா? இப்பதாம்மே. வூட்ல கீறா. கொழந்த பொறந்து இருவது நாள் ஆவுது. சளின்னு கசாயம் குடுத்துனு கீறேன்."

தேவி இன்று உயிரோடு, நன்றாக இருக்கிறாள். அதனால்தான் என்னால் இதை எழுத முடிகிறது. அன்று அது எனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்கவில்லை. மேட்டுக்கு ஓடினேன். ஓடுகிற வயசும் இல்லை எனக்கு. செல்வி எனக்கு முன்னால் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவைதான் ஏழுமலைக்கு லைன் கிடைத்தது.

"ஏழுமல, ஒடனே வண்டிய எடுத்துனு வா. இங்க ஒரு பொண்ணு ஒக்காந்துனே தூங்கறாளாம்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

"எந்த வூடு அத்தை?" என்றான். வண்டி கிளம்புகிற சத்தம் போனிலேயே கேட்டது.